தானாகத் திறக்கும் ஏழு ஃபைல்கள்

அந்த மருத்துவமனையில் பெரிய டாக்டருக்குப் பயப்படாதவர்கள்கூடப் பட்டியல்காரருக்குப் பயப்படுவார்கள். நூற்றெண்பது நர்சுகளில் யார் எந்த வார்டில், காலையா மத்தியானமா இரவா என்று மாதாமாதம் கட்டம் போட்டு நிரப்புவது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக அதையே செய்கிறார். வீட்டில் கல்யாணத்துக்கு நாள் பார்க்கும் நர்சுகள்கூட முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பார்கள். கட்டத்தில் பெயர் ஏறிவிட்டால் ஏறினதுதான். அழுதாலும் புரண்டாலும் மாற்ற மாட்டார். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நேர்மையானவன் என்ற பெயர் ஒருவனுக்கு வந்துவிட்டால், அதைக் காப்பாற்ற அவன் எதையெல்லாம் விட்டுக்கொடுப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்பேர்ப்பட்டவருக்கும் தினசரித் தொல்லை ஒன்று இருந்தது. காலை எட்டு நாற்பதுக்குக் கம்ப்யூட்டரைப் போட்டு எக்செல்லைத் திறந்தால், கூப்பிடாமலேயே ஏழு ஃபைல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்கும். எல்லாம் வார்டுகளின் பழைய கோரிக்கை ஃபைல்கள். ஒரு காலத்தில் லீவு, ஷிப்ட் மாற்றம் எதுவானாலும் ஏழு வார்டு இன்சார்ஜ்களும் தங்கள் இடத்திலிருந்தே அதில் எழுதிவிடுவார்கள். தேதி, பெயர், என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று நான்கு கட்டம் அவர்களுக்கு. ‘பதில்’ என்ற ஐந்தாவது கட்டம் இவருக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் கோரிக்கைகள் செல்போனில் அனுப்பும் முறைக்கு மாறிவிட்டன. ஃபைல்கள் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தன.

அவர் ஒவ்வொன்றாக மூடுவார். ஒவ்வொன்றும் ‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ என்று கேட்கும். மாற்றம் என்று ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு ஃபைலின் உச்சியிலும் அன்றைய தேதியைத் தானே காட்டும் ஒரு கட்டம் இருந்தது. அது தினமும் மாறுவதால் வருகிற கேள்வி. அந்தக் கட்டத்தை வைத்தவரும் இவரேதான். ‘சேமி’ என்று அடிப்பார். வெகுநாள் முன்பு ஒரு முறை அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று அடித்துப் பிரசவ வார்டின் பதினைந்து நாள் வேலையைத் தொலைத்தவர் அவர். அதற்குப் பிறகு எந்த ஃபைல் கேட்டாலும் சேமிதான். மூடு, சேமி, மூடு, சேமி என்று ஏழு தடவை கை தன் பாட்டுக்குச் செய்யும். கண், ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் திரும்பும் இடத்தில் இருக்கும். அரை நிமிஷ வேலை. இதற்காக யாரைப் போய்க் கூப்பிடுவது என்று விட்டுவிட்டார்.

அவருடைய தங்கையும் போன வருஷம் வரை அதே மருத்துவமனையில்தான் இருந்தாள். பெண்கள் வார்டின் இன்சார்ஜ். கண்ணைக் காட்டினால் போதும், அந்த வார்டே ஓடி வந்து வரிசையில் நிற்கும். ஐம்பது வயதாகியும் அண்ணனுக்கு மட்டும் அவள் பாப்பா. அந்தக் கோரிக்கை ஃபைல் காலத்தில் அவள் ஒரு குறும்பு செய்வாள். லீவு கேட்ட வரிகளுக்கு நடுவே ஒரு வரி இருக்கும். பெயர், பாப்பா. என்ன வேண்டும், டீ. ஏன் வேண்டும், தலைவலி. சிரிக்காத மனிதர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பதில் கட்டத்தில் ‘நாலு மணி, கான்டீன்’ என்று போடுவார். அண்ணனும் தங்கையும் அப்படித்தான் இருந்தார்கள்.

பிறகு அப்பா படுத்தார். அண்ணன் வீட்டில்தான் இருந்தார். ஒரு சனிக்கிழமை காலை, தங்கை பட்டியல் அறைக்கே வந்து நின்றாள்.

“அப்பாவுக்கு மூச்சு சரியில்லைண்ணா. பார்த்துட்டுத்தான் வரேன். மத்தியான ஷிப்டை மட்டும் மாத்திக் கொடு. ஆள் நானே பார்த்துக்கறேன்.”

“டாக்டர் ரெண்டு நாள் தாங்கும்னார். நாளைக்கு உனக்கு ஆஃப் இருக்கே. உன் வார்டுக்கு நாலு பேர்னு கணக்கு. தங்கச்சிக்கு ஒரு நியாயம், மத்தவங்களுக்கு ஒரு நியாயம்னு நாளைக்கு எவனும் என்னைக் கேட்டுடக் கூடாது.”

அவள் மத்தியானம் வார்டுக்குப் போய்விட்டாள். பட்டியல் அறைக்குச் சனிக்கிழமை அரை நாள் என்பதால் அவர் ஒன்றரை மணிக்கு வீட்டுக்குப் போனார். அப்பா நாலு மணிக்குப் போய்விட்டார். செய்தி கேட்டு அவள் ஓடி வந்தபோது வாசலில் அண்ணன்தான் நின்றிருந்தார். சொந்தமும் அக்கம்பக்கமும் பார்த்துக்கொண்டிருக்க அவள் கேட்டது ஒன்றுதான்: “உன் பட்டியல்ல ஓட்டை எதுவும் விழலை இல்ல?”

அதோடு பேச்சு நின்றது. தாழ்வாரத்தில் எதிரே வந்தால் இவர் ஜன்னலைப் பார்ப்பார், அவள் கையிலிருக்கும் காகிதத்தைப் பார்ப்பாள். ஏழெட்டு மாதம் இப்படியே ஓடிற்று. திடீரென்று ஒரு நாள் அவள் ராஜினாமா செய்த தகவல் ஆபீஸ் வழியாக இவர் மேஜைக்கு வந்தது. பெண்கள் வார்டின் முதல் வரியிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டு மற்றப் பெயர்களை ஒரு வரி மேலே ஏற்றினார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டா பார்” என்று மனைவியிடம் அன்று சொன்னார். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு முறையாவது சொன்னார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காலைப் பிடித்தாவது நிறுத்தியிருப்பேன் என்றும் சொல்வார்.

“நீங்கதான் ஒரு போன் பண்ணுங்களேன். குறைஞ்சா போயிடுவீங்க?” என்பாள் மனைவி.

“போனது அவ. அவதான் பண்ணணும்.”

பதினோரு மாதமாக இந்த ஒரு குறையைத்தான் அவர் தடவிக் கொடுத்து வளர்த்துவந்தார். தங்கை திரும்பி வர வேண்டும் என்று அவர் ஏங்கியது நிஜம். தவறு அவள் பக்கம் இருக்கிறது என்பதில் ஒரு சின்ன நிம்மதி இருந்ததும் நிஜம்.

அந்த ஏழு ஃபைல்களுக்கு ஒரு புதன்கிழமை காலை முடிவு வந்தது. பெரிய டாக்டர் அடுத்த மாதப் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்று அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே வந்து நின்றார். ஃபைல்கள் வழக்கம்போல் வந்து நின்றன. இவர் மூடு, சேமி என்று ஆரம்பித்தார்.

“என்ன சார் இது, ஏழு கடைக்கு ஷட்டர் இழுக்கற மாதிரி இழுக்கறீங்க? எத்தனை நாளா?”

“மூணு வருஷமா டாக்டர்.”

“மூணு வருஷமா!” டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அங்கிருந்தே போன் போட்டுக் கம்ப்யூட்டர் பிரிவுப் பெண்ணை வரச் சொன்னார்.

அவள் வந்தபோது பன்னிரண்டு மணி. முப்பது வயதிருக்கும். வளவளவென்று பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எக்செல்லுக்குன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு சார். அதுல எதைப் போட்டாலும் தானாத் திறக்கும். முதல்ல அதைப் பார்க்கலாம்.” பார்த்தாள். காலியாக இருந்தது. “இங்க இல்லை. எக்செல்லோட கூடுதலாச் சேர்த்த ஆட்-இன் ஏதாவது இருக்கா?” அதுவும் இல்லை. பிறகு அமைப்புகளுக்குள் போய்க் கீழே கீழே உருட்டிக்கொண்டே வந்து ஒரு பெட்டியில் விரலை வைத்தாள். “இதோ. எக்செல் ஆரம்பிக்கும்போது இந்த ஃபோல்டர்ல இருக்கற எல்லாத்தையும் திறன்னு போட்டிருக்கு. வார்டு எல்லாத்துக்கும் பொதுவான டிரைவ்ல இருக்கற ‘கோரிக்கை’ ஃபோல்டர். இது தானா வராது சார். யாரோ உட்கார்ந்து டைப் பண்ணியிருக்காங்க.”

“எந்தப் புத்திசாலிம்மா அது?” என்று கேட்டு வாயை மூடுவதற்குள் அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால், தினமும் ஏழு ஃபைலைத் தேடித் திறக்கச் சோம்பல்பட்டு, யாரையோ கேட்டுக்கொண்டு வந்து அதை எழுதியவர் சாட்சாத் அவரேதான். காது மடல் சிவந்தது. அவள் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

பெட்டியிலிருந்த எழுத்துகளை அழித்துவிட்டு எக்செல்லை மூடித் திறந்தாள். வெறும் வெள்ளைத் தாள் மட்டும் வந்தது.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் சார். அந்த ஏழு ஃபைலையும் தூக்கிப் போட்டுடலாமா?”

“தூக்கிப் போடும்மா. சனியன்.”

அவள் ஃபோல்டரைத் திறந்தாள். அழிப்பதற்கு முன் ஒரு முறை பார்ப்பது அவள் பழக்கம் போலிருக்கிறது. “எல்லாத்துலயும் கடைசியாச் சேமிச்சது நீங்கதான், இன்னிக்குக் காலைல. ஆறும் ஏறக்குறைய ஒரே அளவு. இந்தப் பெண்கள் வார்டு மட்டும் கொஞ்சம் பெரிசா இருக்கு. ஏதாவது முக்கியமானதா?”

“அதுல என்னம்மா இருக்கப்போகுது. மூணு வருஷத்துக் குப்பை.”

திறந்து கீழே உருட்டினாள். பழைய லீவு வரிகள் முடிந்து நாலைந்து வெற்று வரிகள் போயின. அதற்கும் கீழே மறுபடி எழுத்து இருந்தது. முதல் வரியைப் படித்தவள் சட்டென்று மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“சார், இது உங்களுக்கு எழுதினது” என்றாள். நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நல்ல வளர்ப்பு.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தேதி, அப்பா போய் இரண்டு மாதம் கழித்து. பெயர், பாப்பா. என்ன வேண்டும் என்ற கட்டத்தில் ‘பேசணும்’. ஏன் வேண்டும் என்ற கட்டத்தில் ‘நேர்ல வந்தா எனக்குக் கோபம் வருதுண்ணா. எழுதினா வராது.’ பதில் கட்டம் காலியாக இருந்தது.

அடுத்த வரி நாலு நாள் கழித்து. ‘தினமும் காலைல எட்டு நாற்பதுக்கு நீ இதைத் திறந்து சேமிக்கறது தெரியுது. உன் பேரும் நேரமும் விழுது. படிக்கறயே, அது போதும். மெதுவா பதில் போடு.’

அவருக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டாம் தடவை படித்தபோது விளங்கியது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

‘வாசல்ல அத்தனை பேர் முன்னால அப்படிக் கேட்டது தப்பு. உனக்கும் அவர் அப்பாதானே.’ பதில், காலி. ‘நேத்தும் பார்த்திருக்க. கோபம் ஆறட்டும், காத்திருக்கேன்.’ காலி. பிறகு ஒரு மாதம் ஒன்றுமில்லை. அதற்கப்புறம் ஒரு வரி: ‘ஒண்ணே ஒண்ணுதான் கேட்கறேன். அப்பா கடைசில என்னைக் கேட்டாரா? ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு போட்டா போதும்.’ காலி. இரண்டு வாரம் கழித்து அதே கேள்வி. மறுபடியும் இரண்டு வாரம் கழித்து, அதே கேள்வி. அதற்குக் கீழே: ‘கேட்கலை போலிருக்கு. அதை எழுத உனக்கு மனசு வரலை. புரியுதுண்ணா. இனிமே கேட்க மாட்டேன்.’

கடைசிக்கு முந்தின வரி ஒரு பன்னிரண்டாம் தேதியில் இருந்தது. ‘வேற ஊர் ஆஸ்பத்திரில கூப்பிடறாங்க. இருபதாம் தேதிக்குள்ள சொல்லணும். எனக்குப் போக இஷ்டமில்லை. இருன்னு ஒரு வார்த்தை போடு, இருந்துடறேன்.’ அந்த எட்டு நாளில் ஞாயிற்றுக்கிழமை தவிர அவருக்கு லீவே கிடையாது. தினமும் வந்திருக்கிறார், தினமும் அதைச் சேமித்திருக்கிறார். கடைசி வரி இருபதாம் தேதி. ‘இன்னிக்கும் எட்டு நாற்பதுக்கு உன் பேர் விழுந்திருக்கு. சரிண்ணா.’

ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள் என்று பதினோரு மாதமாகச் சொல்லிச் சொல்லித் திரிந்த மனிதர், மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். வெளியே ஸ்ட்ரெச்சர் ஒன்று கடகடவென்று போயிற்று. யாராவது கதவைத் தட்டுவார்களோ என்ற பயத்தில் அழுகையைக்கூட முழுசாக அழவில்லை.

ஆனால் கொஞ்ச நேரத்தில் அவருக்கு ஒரு தெம்பு வந்தது. மனித மனத்தைத் திட்ட வேண்டுமானால் இந்த இடத்தில் திட்டலாம். அவள் போனது தன்மேல் இருந்த வெறுப்பால் இல்லை, ஒரு தப்பான எண்ணத்தால். தப்பான எண்ணம்தானே, சொன்னால் தீர்ந்துவிடுமே! தான் படிக்கவே இல்லை என்று தெரிந்தால் அவள் மனம் ஆறிவிடும். யார் கண்டது, திரும்பிக்கூட வரலாம். பெண்கள் வார்டின் முதல் வரியில் அவள் பெயரை மறுபடி எழுதுவதுவரை மனம் ஓடிவிட்டது.

காலை ஷிப்ட் முடிந்து ஒப்படைக்கும் வேலை இரண்டு மணிக்கு நடக்கும், இரண்டே காலுக்கு ஓயும். எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும் அதுதான். இரண்டே கால் வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, போன் போட்டார். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

“சொல்லு.” வேறு எதுவும் இல்லை.

“பாப்பா, நான்தான். நீ ஃபைல்ல எழுதினதையெல்லாம் இப்பத்தான் பார்த்தேன். சத்தியமா இன்னிக்குத்தான். அது தானாத் திறக்கும் பாப்பா, நான் எப்பவோ அப்படிச் செஞ்சு வச்சு மறந்துட்டேன். சேமிக்கவான்னு கேட்கும், ஆமான்னு அடிச்சு மூடிடுவேன். அதான் என் பேர் விழுந்திருக்கு. நான் ஒரு வரிகூடப் படிக்கலை!” நிரபராதி என்று தீர்ப்பு வந்தவன்போல மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார்.

அந்தப் பக்கம் தட்டு வைக்கும் ஓசையும், யாரோ யாரையோ கூப்பிடும் குரலும் கேட்டன.

“பாப்பா?”

“ஒரு வரிகூடவா?”

“சத்தியமா.”

“நீ படிச்சுட்டு வேணும்னே பதில் போடலைன்னு நினைச்சுட்டிருந்தேன். அதுவாவது பரவாயில்லைண்ணா. அவ்வளவு கோபமா இருக்கான், அவ்வளவு ஞாபகம் இருக்குன்னு நினைச்சுப்பேன். உன் பேர் விழறதைப் பார்க்கவே தினமும் ஒன்பது மணிக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல போய் உட்காருவேன்.” “அரை வருஷம் தினமும் என்னைத் திறந்திருக்க. மூஞ்சியைக்கூடப் பார்க்காம மூடியிருக்க.”

அவரிடம் கைவசம் இருந்தது அந்த ஒரு சமாதானம்தான். அது போய்விட்ட பிறகு, “திரும்பி வந்துடு பாப்பா” என்றார். சொல்லும்போதே நடக்காது என்று தெரிந்துவிட்டது.

“இங்க பழகிடுச்சு. பக்கத்துலயே வீடு பார்த்துட்டேன். உன் மேல கோபமெல்லாம் இல்லை. வச்சிடட்டுமா? ஊசி போடற நேரம்.”

“இரு. வைக்காதே.” ஒன்றரை வருஷமாக மனைவியிடம்கூடச் சொல்லாதது அது. சொன்னால் தன் தலையில்தான் விடியும் என்று விழுங்கி வைத்திருந்தார். “நீ மூணு தடவை கேட்டிருந்தே. அதுக்குப் பதில். அப்பா கேட்டார். பாப்பா வந்துட்டாளா, பாப்பா வந்துட்டாளான்னு கேட்டுட்டே இருந்தார். வந்துட்டிருக்கான்னு பொய் சொன்னேன். வாசல் பக்கம் திருப்பிப் படுக்க வைன்னார். வச்சேன்.”

அவள் அழுதாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை, ஆறுதல் சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வெகுநேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

“அப்ப மணி என்ன?”

“மூணரை இருக்கும்.”

“மூணரையா?” பிறகு மெதுவாக, யாருக்கோ ரிப்போர்ட் சொல்வதுபோல் சொன்னாள். “அன்னிக்கு எங்க வார்டுல ஆறே ஆறு பேஷண்ட்ண்ணா. ஆறு பேரும் தூங்கிட்டாங்க. மூணரைக்கு நாங்க நாலு பேரும் வேலையில்லாம உட்கார்ந்து கட்டுத்துணி மடிச்சுட்டிருந்தோம்.”

நாலு பேர் என்று கட்டம் போட்டவர் அவர்தான். அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவளும் போனை வைக்கவில்லை.